சிங்கப்பூர்ல சம்பளம் லேட்டாகுதா? 8-ஆம் தேதியில இருந்து பணம் கைக்கு வர்ற வரைக்கும் என்னென்ன பண்ணணும்

டார்ம்ல (ஊழியர் விடுதி) படுத்துக்கிட்டு பிஓஎஸ்பி பேங்க் ஆப்ப திறந்து திறந்து பாத்து, இன்னைக்கும் சம்பளம் ஏறலன்னு போன கவுத்து வச்சுட்டு, ஊர்ல இருந்து வர்ற போன எடுக்கவும் தைரியம் இல்லாம கெடக்குற தம்பிங்களுக்காகத்தான் இத எழுதுறேன். ஒர்க் பெர்மிட்ல வேலை பாக்குறவங்க, அதிலயும் கன்ஸ்ட்ரக்ஷன், ஷிப்யார்டு, கிளீனிங் மாதிரி வேலைல இருக்குறவங்கள மனசுல வச்சு எழுதியிருக்கேன், ஆனா எஸ் பாஸ்ல (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) இருக்குறவங்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

நான் வந்த புதுசுல ஒரு சப்கான் கம்பெனியில இருந்தேன், அதாவது மெயின்கான்ங்கிற பெரிய ஒப்பந்தக் கம்பெனிகிட்ட வேலைய வாங்கிச் செய்யிற கம்பெனி. முதல் மாசம் 10 நாள் லேட்டு, அடுத்த மாசம் 20 நாள் லேட்டு, அதுக்கடுத்த மாசம் 300 வெள்ளிய (சிங்கப்பூர் டாலர்) கைல குடுத்து "சாப்பாட்டுக்கு வச்சுக்க, மெயின்கான் செக் வந்ததும் மீதியப் போட்டுடுறேன்"னாரு பாஸ். நானும் நம்பிக்கிட்டே இருந்தேன், ஏன்னா ஊர்ல வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டின காசு அப்படியே நிக்குது, பெர்மிட்ட கேன்சல் பண்ணிட்டா எங்க போறதுங்கிற பயம். நாலாவது மாசம் ஆபீஸ்ல ஆளே இல்ல. கடைசியில எனக்கு வரவேண்டியதுல பாதிகூட வரல. என் ரூம்ல இருந்த மன்னார்குடிக்காரர் ஒருத்தருக்கு என்னவிட ரொம்ப அதிகமா வந்துச்சு, ஏன்னா அவர் ஒரு மாசம் முன்னாடியே புகார் குடுத்துட்டார், அதுபோக அவர்கிட்ட ஒரு சின்ன டைரி இருந்துச்சு. அந்த டைரியப் பத்தி கீழ சொல்றேன்.

எந்தத் தேதியில இருந்து லேட்டுன்னு அர்த்தம்

இங்க இருக்குற வேலை நியமனச் சட்டப்படி சம்பளத்த மாசத்துக்கு ஒரு தடவையாவது குடுத்தாகணும், சம்பளக் காலம் முடிஞ்சு 7 நாளுக்குள்ள குடுத்தாகணும். மார்ச் 31-ல மாசம் முடிஞ்சா ஏப்ரல் 7-க்குள்ள அடிப்படைச் சம்பளம் வந்திருக்கணும். ஓடி, அதாவது ஓவர்டைம் காசுக்கு மட்டும் 14 நாள் டைம் உண்டு. நீங்க நோட்டீஸ் குடுத்து வேலைய விட்டா கடைசி நாள் அன்னைக்கே கணக்கு முடிக்கணும், நோட்டீஸ் குடுக்காம விட்டா கடைசி நாள்ல இருந்து 7 நாள், கம்பெனியே வேலைய விட்டு நிறுத்துனா கடைசி நாள், அன்னைக்கு முடியலன்னா அதுல இருந்து 3 வேலை நாளுக்குள்ள.

"மெயின்கான் காசு குடுக்கல", "ப்ராஜெக்ட் லாஸ்"னு எல்லாக் கம்பெனியும் ஒரே பாட்டத்தான் பாடும். அது முதலாளிக்கும் மெயின்கானுக்கும் நடுவுல இருக்குற கணக்கு, உங்க சம்பளத்துக்கும் அதுக்கும் சட்டத்துல சம்பந்தமே கிடையாது. சம்பளம் குடுக்காம இருக்குறது குற்றம், 3,000 வெள்ளியில இருந்து 15,000 வெள்ளி வரைக்கும் அபராதமோ 6 மாசம் வரை ஜெயிலோ ரெண்டுமோ உண்டு. அதனால 8-ஆம் தேதி கேக்குறதுல தப்பே இல்ல, கேட்டா மரியாதைக் குறைவுன்னு நெனச்சு வாய மூடிக்கிட்டு இருக்காதீங்க.

முதல்ல ஐபிஏவத் தேடுங்க

ஊர்ல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஐபிஏ லெட்டர், அதாவது பெர்மிட்டுக்கான முதல்கட்ட ஒப்புதல் கடிதம் குடுத்திருப்பாங்க, நம்ம ஆளுங்களுக்கு தமிழ்லயும் அது வரும். அதுல அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவுன்னு கம்பெனி அரசாங்கத்துகிட்ட எழுதிக் குடுத்த தொகை இருக்கும். நிறைய பேர் விமானத்துல ஏறினதும் அத பைக்குள்ள போட்டவங்கதான், அப்புறம் எடுத்துப் பாக்குறதே இல்ல. இங்க வந்ததும் வேற ஒரு கான்ட்ராக்ட நீட்டி, ஐபிஏல 800-ன்னு இருக்க, இதுல 500-ன்னு போட்டு கையெழுத்து வாங்குற கம்பெனிங்க உண்டு. 2017-ல இங்க உயர்நீதிமன்றத்துல இப்படி ஒரு ஊழியரோட வழக்கு வந்தப்ப, கம்பெனி அரசாங்கத்துகிட்ட ஐபிஏக்காக சொன்ன தொகையத்தான் அடிப்படைச் சம்பளமா எடுத்துக்கணும், இல்லன்னு சொல்றதா இருந்தா கம்பெனிதான் நிரூபிக்கணும்ங்கிற மாதிரி தீர்ப்பாச்சு. அதனால அந்த ஒரு பேப்பர்தான் உங்க கணக்குக்கு அஸ்திவாரம். இப்பவே போட்டோ எடுத்து வீட்டுக்காரம்மாவுக்கோ தம்பிக்கோ வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சுடுங்க, போன் தொலைஞ்சாலும் ஊர்ல ஒரு காப்பி இருக்கும். ஐபிஏவே தொலைஞ்சு போச்சுன்னாலும் கலங்க வேணாம், கம்பெனி சொன்ன தொகை எம்ஓஎம் (மனிதவள அமைச்சு) ரெக்கார்டுல இருக்கு.

அடுத்து பேஸ்லிப். 2016 ஏப்ரல் 1-ல இருந்து கம்பெனி பேஸ்லிப் கட்டாயம் குடுக்கணும், அதுல அடிப்படை, அலவன்ஸ், பிடித்தம், ஓடி எத்தன மணி நேரம், எவ்வளவு காசு எல்லாம் தனித்தனியா இருக்கணும். குடுக்கலன்னா அதுவே ஒரு தப்பு. டார்ம்ல தங்குற பெர்மிட்காரங்களுக்கு 2020 ஜூலைல இருந்து சம்பளத்த பேங்க் வழியாத்தான் போடணும்ங்கிறது விதி, கைல காசா குடுத்து கையெழுத்து வாங்குனா அத அன்னைக்கே குறிச்சு வைங்க.

இப்ப அந்த டைரி. மன்னார்குடி அண்ணன்கிட்ட இருந்தது முஸ்தபா கடையில வாங்கின கையடக்க டைரி, அட்டை கிழிஞ்சு செலோடேப் ஒட்டியிருக்கும். தினமும் ராத்திரி குளிச்சுட்டு வந்து படுக்கைல உக்காந்து நாலே விஷயம் எழுதுவார்: தேதி, எந்த சைட், எத்தன மணிக்கு ஆரம்பிச்சு எத்தன மணிக்கு முடிஞ்சது, எந்த லாரில போனோம். மழையில வேலை நின்னா "மழ 2-3.30"ன்னு அதையும் எழுதுவார். அதப் பாத்து நாங்க கிண்டல் பண்ணியிருக்கோம், இப்ப நெனச்சா கஷ்டமா இருக்கு. பேச்சுவார்த்தைல கம்பெனி ஒரு டைம்ஷீட்டக் கொண்டாந்து எல்லா நாளும் 8-ல இருந்து 5 வரைன்னு காட்டுச்சு, ஆபீசர் அந்த டைரிய வாங்கி பக்கம் பக்கமா புரட்டிப் பாத்தாங்க, மழ பெஞ்ச நாளுகூட எழுதியிருக்கிறதப் பாத்ததும் கம்பெனிக்காரர்கிட்ட கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

டைரி எழுதாதவங்க இன்னைக்கே ஆரம்பிங்க. பழைய நாளுக்கு ஆதாரம் வேணும்னா உங்க போன்லயே நிறைய இருக்கு: "நாளைக்கு எந்த சைட்"னு சூப்பர்வைசர் குரூப்ல போட்ட மெசேஜ், சைட்ல எடுத்த போட்டோ, டைம் கார்டு போட்டோ, காலைல டூல்பாக்ஸ் மீட்டிங்ல கையெழுத்துப் போட்ட ஷீட். கம்பெனி குரூப்ல இருந்து உங்கள எடுத்துவிடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, வேற போனுக்கும் அனுப்புங்க.

கணக்கு நீங்களே போடுங்க

"எவ்வளவு வரணும்?"னு கேட்டா பாதிப்பேரு "மூணு மாசம் சார்"னுதான் சொல்றாங்க, வெள்ளி எவ்வளவுன்னு தெரியாது. தொகை சொல்லத் தெரிஞ்சவனுக்குத்தான் பேச்சு நிக்கும். ஒரு தடவ பொறுமையா உக்காந்து போட்டுட்டா அவ்வளவுதான்.

உடல் உழைப்பு வேலை பாக்குறவங்களுக்கு, அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரைக்கும், ஓடி உரிமை உண்டு. அடிப்படைச் சம்பளத்த 12-ஆல பெருக்கி, 52 பெருக்கல் 44-ஆல, அதாவது 2,288-ஆல வகுத்தா ஒரு மணி நேரக் காசு. ஓடின்னா அதுல ஒன்றரை மடங்கு. ஐபிஏல 800 வெள்ளின்னு வைங்க, 9,600-அ 2,288-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 4 வெள்ளி 20 காசு, ஓடிக்கு 6 வெள்ளி 29 காசு. காலைல 8-க்கு ஆரம்பிச்சு ராத்திரி 8 வரைக்கும் பாக்குறீங்க, நடுவுல சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் போனா 11 மணி நேரம் வேலை, அதுல 8 போக 3 மணி நேரம் ஓடி. மாசத்துல 20 நாள் இப்படின்னா 60 மணி நேரம், 377 வெள்ளிக்கு மேல ஆச்சு. இதத்தான் பல கம்பெனி "ஓடிக்கு ஒரு மணிக்கு 3 வெள்ளி, இதுதான் எங்க ரேட்"னு சொல்லி முடிச்சுடுது. கம்பெனிக்குன்னு தனி ரேட்டெல்லாம் கிடையாது.

ஓய்வு நாள்ல கம்பெனி கூப்பிட்டு முழு நாள் வேலை பாத்தா ரெண்டு நாள் சம்பளம், பாதி நாளோ அதுக்குக் குறைவோன்னா ஒரு நாள் சம்பளம். ஒரு நாள் சம்பளத்துக்கு 9,600-அ 312-ஆல வகுக்கணும், வாரத்துக்கு 6 நாள் வேலைங்கிற கணக்கு, 30 வெள்ளி 77 காசு வரும், அப்ப ஒரு ஞாயித்துக்கிழமைக்கு 61 வெள்ளி 54 காசு. தீபாவளி, பொங்கல் பத்தி அடிக்கடி கேக்குறாங்க: தீபாவளி இங்க பொது விடுமுறை, அன்னைக்கு வேலை பாத்தா கூடுதலா ஒரு நாள் சம்பளம், பொங்கல் பொது விடுமுறை இல்ல. ஓடி மாசத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல போகக்கூடாதுங்கிறது கம்பெனிக்குப் போட்ட கட்டுப்பாடு, அதுக்கு மேல உங்கள வேலை வாங்கியிருந்தா அதுக்கும் காசு குடுத்தாகணும்.

பிடித்தத்தையும் பாருங்க. லெவிங்கிறது வெளிநாட்டு ஊழியருக்காக கம்பெனி அரசாங்கத்துக்குக் கட்டுறது, அத உங்க சம்பளத்துல பிடிக்கவே கூடாது, மெடிக்கல் இன்சூரன்சும் அப்படித்தான். "பெர்மிட் ரினீவல் காசு"ன்னு 1,000, 2,000 கேட்டா அது லஞ்சம் மாதிரிதான், சட்டப்படி குற்றம், அதையும் புகார்ல சொல்லலாம்.

கம்பெனிகிட்ட எழுத்துல கேளுங்க

வாயால கேட்டது ஆதாரம் ஆகாது. 8-ஆம் தேதி ஒரு வாட்ஸ்அப் போடுங்க, கோபமில்லாம, சுருக்கமா: "சார், மார்ச் மாசச் சம்பளம் இன்னும் என் அக்கவுண்டுக்கு வரல. அடிப்படை 800 வெள்ளி, ஓடி 60 மணி நேரம். எந்தத் தேதி வரும்னு சொல்லுங்க சார்." அவர் பதில் போட்டா, "நெக்ஸ்ட் வீக்"னு போட்டாலும், சம்பளம் பாக்கின்னு அவரே ஒத்துக்கிட்டதுக்கு சாட்சி ஆச்சு. பதிலே போடலன்னாலும் நீங்க கேட்டது பதிவாயிடுச்சு. அவர் சொன்ன தேதி தாண்டுச்சுன்னா இன்னொரு மெசேஜ். அதுக்கு மேல நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன், ஒரு மாசம் பாக்கி நிக்குறப்ப போறவனுக்கு முழுசா கிடைக்கிற வாய்ப்பு மூணு மாசம் நிக்குறப்ப போறவனுக்குக் கிடையாது, அந்த நேரத்துக்குள்ள கம்பெனி கைல இருந்த காசு வேற எங்கயாவது போயிருக்கும்.

இந்தக் கட்டத்துல ஒரு ஆபத்து வரும். ஆபீசுக்குக் கூப்பிட்டு நாலஞ்சு வவுச்சர நீட்டி "கையெழுத்துப் போடு, நாளைக்கு காசு ஏறிடும்"பாங்க. வெறும் டைம் கார்டுல கையெழுத்து, தேதி போடாத வவுச்சர்ல கையெழுத்து, "எல்லாச் சம்பளமும் வாங்கிட்டேன்"னு இங்கிலீஷ்ல எழுதின பேப்பர்ல கையெழுத்து, எதுவுமே போடாதீங்க. பயந்து போட்டுட்டீங்கன்னா வெளிய வந்ததும் அன்னைக்கே ஒரு நண்பருக்கு "இன்னைக்கு இத்தன பேப்பர்ல காசு வாங்காமலே கையெழுத்து வாங்கிட்டாங்க"ன்னு வாய்ஸ் மெசேஜ் போடுங்க, அந்தத் தேதியும் நேரமும் பின்னால உதவும்.

வேலைக்குப் போறத நிறுத்தாதீங்க. ரூமுக்குள்ளயே உக்காந்துட்டா "வேலைக்கு வரல, ஓடிட்டான்"னு கம்பெனி புகார் குடுக்கும். பத்துப் பதினஞ்சு பேரா சேந்து ஆபீஸ் வாசல்ல அட்டை பிடிச்சு நிக்குறதும் வேணாம், அனுமதி இல்லாம கூட்டம் கூடுனா இங்க அது தனி வழக்கு. அதே மாதிரி காசில்லன்னு வெளிய கள்ளத்தனமா வேற வேலை பாக்கப் போயிடாதீங்க, மாட்டுனா 20,000 வெள்ளி வரை அபராதம், 2 வருஷம் வரை ஜெயில், உங்க சம்பளப் பிரச்சினையும் அதோட அடிபட்டுப் போயிடும்.

எங்க போய் புகார் குடுக்குறது

சம்பளப் புகாருக்குன்னே ஒரு இடம் இருக்கு, டாடம்னு சொல்வாங்க, 2017-ல ஆரம்பிச்சது, அரசாங்கம், தொழிற்சங்கம், முதலாளிங்க சங்கம் மூணும் சேந்த முத்தரப்பு அமைப்பு. பெண்டமீர் ரோட்டுல எம்ஓஎம் சர்வீஸ் சென்டர்லதான் இருக்கு. சிங்பாஸ் (அரசாங்க ஆன்லைன் கணக்கு) இருந்தா ஆன்லைன்லயே போடலாம், தெரியலன்னா கீழ சொல்ற நிலையத்துல உதவி கேளுங்க. வெளிய யாராவது "நான் முடிச்சுத் தரேன், 200 வெள்ளி குடு"ன்னா குடுக்காதீங்க.

காலக்கெடு ரொம்ப முக்கியம், இதுல கோட்டை விட்டவங்க நிறைய. இன்னும் அதே கம்பெனியில வேலைல இருந்தா பிரச்சினை ஆரம்பிச்சு 1 வருஷத்துக்குள்ள புகார் குடுக்கணும், வேலைய விட்டுட்டீங்கன்னா கடைசி நாள்ல இருந்து 6 மாசத்துக்குள்ள. ரெண்டு வருஷமா ஓடிய குறைச்சுப் போட்டாங்கன்னு இப்ப போனா முதல் வருஷக் காசு போனதுதான்.

தனியா போகப் பயமா இருந்தா வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கு, எம்டபிள்யூசின்னு சொல்வாங்க, 24 மணி நேர நம்பர் 6536 2692. தமிழ்ல பேசுறவங்க இருக்காங்க, சாப்பாட்டுக்கும் தங்குறதுக்கும் வழியில்லன்னா அதுக்கும் பாப்பாங்க. லிட்டில் இந்தியா பக்கம் டிடபிள்யூசி2-ன்னு ஒரு தொண்டு அமைப்பு, வேலையில்லாம வழக்குல நிக்குற ஊழியர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுறவங்க, வழக்கு விஷயத்துலயும் வழி சொல்வாங்க. ஹோம்னு இன்னொரு அமைப்பும் உண்டு. வீட்டு வேலை பாக்குற அக்கா தங்கச்சிங்க வேலை நியமனச் சட்டத்துக்குள்ள வர மாட்டாங்க, ஆனா அவங்க சம்பளத்துக்கும் அதே 7 நாள்தான், அவங்க எம்ஓஎம்கிட்ட நேரா சொல்லலாம்.

"பெர்மிட்ட கேன்சல் பண்ணிடுவேன்"

எல்லாரையும் கட்டிப் போடுற வார்த்தை இதுதான். என்னையும் நாலு மாசம் இதுதான் கட்டிப் போட்டுச்சு. கம்பெனியால பெர்மிட்ட கேன்சல் பண்ண முடியும், அது உண்மை. ஆனா சம்பளப் புகார் நடந்துக்கிட்டு இருக்குன்னா நீங்க இங்க தங்குறதுக்கு ஸ்பெஷல் பாஸ் குடுப்பாங்க, பிரச்சினை முடியிற வரைக்கும் உங்க தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி பொறுப்பு. ஒவ்வொரு பெர்மிட்டுக்கும் கம்பெனி அரசாங்கத்துகிட்ட 5,000 வெள்ளி பாண்ட், அதாவது பிணை, கட்டியிருக்கும் (மலேசியக்காரங்களுக்கு மட்டும் கிடையாது), சம்பளம் குடுக்காம ஏமாத்துனா அந்தக் காசு போகவும் வாய்ப்பு உண்டு, இது முதலாளிக்கு நல்லாவே தெரியும். புகார் சரியானதுன்னு பட்டா வேற கம்பெனிக்கு மாற எம்ஓஎம் அனுமதி குடுக்குறதும் உண்டு, அதையும் ஆபீசர்கிட்ட மறக்காம கேளுங்க. ஸ்பெஷல் பாஸ்ல இருக்கும்போது அனுமதி இல்லாம வேலை பாக்கக் கூடாது, அதுல இருக்குற தேதிக்கு முன்னாடி போய்ப் புதுப்பிக்கணும், ஒரு நாள்கூட தாண்ட விடாதீங்க.

பாஸ்போர்ட்ட கம்பெனி வச்சுக்க உரிமை கிடையாது, கேட்டு வாங்குங்க. டிக்கெட் போட்டு ராவோட ராவா ஏர்போர்ட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா சண்டை போட வேணாம், சாங்கில இமிகிரேஷன் கவுண்டர்ல பாஸ்போர்ட்ட நீட்டுறப்ப அந்த அதிகாரிகிட்ட "எனக்குச் சம்பளம் பாக்கி இருக்கு, நான் போக விரும்பல"ன்னு சொல்லுங்க, நோ சாலரின்னு ரெண்டு வார்த்தை சொன்னாலே புரிஞ்சுக்குவாங்க. கவுண்டரத் தாண்டி உள்ள போயிட்டா அதுக்கப்புறம் ரொம்பக் கஷ்டம்.

பேச்சுவார்த்தை நாள்

டாடம்ல முதல்ல சமரசப் பேச்சுவார்த்தை, நீங்க, கம்பெனி ஆளு, நடுவுல ஒரு அதிகாரி. தமிழ்ல பேசணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. தமிழ் இங்க ஆட்சிமொழிகள்ல ஒண்ணு, அரைகுறை இங்கிலீஷ்ல தலையாட்டி மாட்டிக்காதீங்க. ஒரே தாள்ல மாசவாரியா எழுதிக்கிட்டுப் போங்க: வரவேண்டியது, வந்தது, பாக்கி. ஐபிஏ, பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், டைரி, ஸ்க்ரீன்ஷாட் பிரிண்ட் எல்லாம் தேதிப்படி அடுக்கி ஒரு பைல்ல. ஊழியர்களோட சம்பள ரெக்கார்ட கம்பெனி 2 வருஷத்துக்கு வச்சிருக்கணும்ங்கிறது சட்டம், அதனால "எங்ககிட்ட பேப்பர் இல்ல"ன்னு அவங்க சொன்னா அது உங்களுக்குக் குறையில்ல.

அங்க கம்பெனி குறைச்சுக் கேக்கும். 4,000 வரவேண்டிய இடத்துல "1,500 வாங்கிக்க, இப்பவே டிக்கெட்டும் போட்டுத் தரேன்"னு சொல்வாங்க. ஊருக்குப் போற அவசரத்துல அங்கயே தலையாட்டாதீங்க, யோசிக்க டைம் கேளுங்க, எம்டபிள்யூசிக்கு ஒரு போன் போடுங்க. கொஞ்சம் விட்டுக்குடுத்து உடனே வாங்குறது சில நேரம் சரிதான், கம்பெனி மூழ்குற மாதிரி இருந்தா நானே அதத்தான் சொல்லுவேன், ஆனா அது உங்க கணக்கு தெரிஞ்சு எடுத்த முடிவா இருக்கணும். தவணையா தரேன்னா ஒவ்வொரு தவணைக்கும் தேதியும் தொகையும் ஒப்பந்தத்துல எழுதச் சொல்லுங்க.

பேச்சு முடியலன்னா டாடம் ஒரு சான்றிதழ் குடுக்கும், அத எடுத்துக்கிட்டு 4 வாரத்துக்குள்ள ஈசிடிங்கிற உரிமைகோரல் மன்றத்துல போடணும், ஹாவ்லாக் ஸ்குவேர்ல இருக்குற ஸ்டேட் கோர்ட்ஸ்ல. வக்கீல் தேவையில்ல, கம்பெனியும் வக்கீல் கூட்டிக்கிட்டு வர முடியாது, ரெண்டு பேரும் நேரா பேசணும். இந்த 4 வாரத்த விட்டுட்டு "லெட்டர் வரும்"னு காத்திருந்த ஆளுங்கள எனக்குத் தெரியும், லெட்டர் எதுவும் வராது, நீங்கதான் போகணும்.

ஒப்பந்தம் போட்டும் தீர்ப்பு வந்தும் காசு ஏறலன்னா அன்னைக்கே டாடம்கிட்டயோ எம்டபிள்யூசிகிட்டயோ சொல்லுங்க. ஒப்பந்தத்த கோர்ட்ல பதிஞ்சு, கம்பெனி சொத்த ஜப்தி பண்ற வரைக்கும் வழி இருக்கு, அதுக்குத் தனியா செலவும் நாளும் ஆகும், கம்பெனி அக்கவுண்ட்ல காசு இருந்தாத்தான் பலன்.

கடைசியா காசு குடுக்குற அன்னைக்கு, "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்"ங்கிற பேப்பர முன்னாடி நீட்டுவாங்க. செக்கக் காட்டுனாலும் சரி, பேங்க்ல போட்டாச்சுன்னு போன்ல ஸ்க்ரீன்ஷாட் காட்டுனாலும் சரி, "அக்கவுண்ட்ல ஏறினதும் போடுறேன் சார்"னு சொல்லுங்க. உங்க ஆப்ப நீங்களே திறந்து, தொகைய ஒரு தடவ உங்க தாள்ல இருக்குற கணக்கோட பாத்து, சரியா இருந்தா அப்புறம் பேனாவ எடுங்க.